வளை தொலைத்த குட்டி

எலிக்குட்டி வளர்த்த கதையை இப்பக்கங்களில் எழுத நேரும் என்று நாம் ஒருபோதும் கருதியதில்லை. முப்பதாண்டு காலமாக அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதிக் கொடுத்துவரும் ஒருவர், சுண்டெலிக்குச் சூடு காட்டிக்கொண்டு சுப்ஹு வரை விழித்திருந்தார் என்று எவரேனும் சொல்லியிருந்தால், முதலில் நகைத்தவர் நாமாகத்தான் இருந்திருப்போம். ஆயினும் நடந்தது அதுதான். நகைக்க விரும்பும் நேயர்கள் தாராளமாக நகைக்கலாம். இதனூடே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிய கடனும் நமக்கு உண்டு.

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்மக்கள் மணமான பின்னும் தாய் வீட்டிலேயே வாழ்வது வழக்கம். ஆதலால் மகளின் மகள், பத்து வயதுச் சிறுமி, நம் இல்லத்தில்தான் வளர்கிறாள். (இல்லம் என்றோமே தவிர, அதே வழக்கப்படி அது நம் துணைவியாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது இதனால் விளங்கும்.) சென்ற ஆண்டு புரட்டாசி இறுதியில், வளைகுடா நாட்டில் பணிபுரியும் மருமகப்பிள்ளை விடுமுறையில் வந்திருந்தார். மகளைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றவர், வண்ண மீன் விற்கும் கடையொன்றில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட இரண்டு வெள்ளைச் சுண்டெலிகளை வாங்கிக் கொடுத்துவிட்டார். பழைய மீன் தொட்டி ஒன்று, அதற்குக் கம்பிவலை மூடி, உள்ளே ஏறி ஓட ஒரு சக்கரம். இரண்டும் பெட்டை என்றாராம் கடைக்காரர். அது பொய்யன்று. ஆணும் பெண்ணும் அதுவரை ஒரே தொட்டியில் கலந்து கிடந்தன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நாம் அஸருக்குப் பின் வீடு திரும்பியபோது, "அப்பா, இங்கே வந்து பாருங்க! ஒளுச் செய்யுற மாதிரியே முகத்தைக் கழுவுது" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பாட்டனாரை அப்பா என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கு. நாம் பார்த்தோம். முன்னங்கால் இரண்டையும் நக்கி, முகத்தில் தடவி, காதுக்குப் பின்புறமும் விடாமல் அது துப்புரவு செய்துகொண்டிருந்தது. உண்மையில் ஒப்புமை சரிதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நாம் இல்லை.

எலி, நம் கிதாபுகளில் நற்பெயர் பெற்ற பிராணியன்று. காகம், பருந்து, தேள், கடிநாய் ஆகியவற்றுடன் சேர்த்து, ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்குயிர்களில் ஒன்றாக அது எண்ணப்படுவதை, ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸில் காண்கிறோம். விளக்குத் திரியைக் கவ்வி இழுத்துவந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த விரிப்பில் ஒரு திர்ஹம் அளவு பொசுக்கிவிட்ட எலியைப் பற்றி அபூதாவூதில் வருகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொன்னதற்கும் அதுவே காரணம். 'ஃபுவைஸிகா' என்று அதற்கொரு பெயர். சின்னஞ்சிறு துஷ்டப் பிராணி என்று தமிழாக்கலாம். இவ்வைந்தையும் வைத்து வளர்ப்பது கூடாதென நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் நடையில் எடுத்துரைத்து, "ஆகவே நாளையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்" என்று முடித்தோம்.

அவள் அழவில்லை. சற்று நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "பூனையை அடைச்சுப் போட்ட பொம்பளை கதையை நீங்கதானே அப்பா எனக்குச் சொன்னீங்க? அவ அதுக்குத் தீனியும் போடல, தானாத் தேடித் தின்ன வெளியேயும் விடல. இதுங்களைக் கடையில யாரு தீனி போட்டுப் பாப்பாங்க? வெளியே விட்டா காக்கா கொத்திடும். அந்தப் பாவம் யாருக்கு?"

ஃபிக்ஹில் அதற்கும் இடமுண்டு என்பது நமக்கும் தெரியும். கொல்லத்தக்க பிராணியையும் அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிடுதல் கூடாது. கொல்ல நேர்ந்தாலும் வதைக்காமல் கொல்ல வேண்டும். ஆனால் அதை நாம் சொல்லு முன்னரே அவள் சொல்லிவிட்டாள். அரபியரிடம் பழமொழி ஒன்றுண்டு. வாதத்தில் கைச்சான்றைத் தொலைத்துவிட்டு விழிப்பவனைப் பார்த்து, எலிக்குட்டி தன் வளையைத் தொலைத்தது என்பார்கள். எலிக்குட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'திர்ஸு'. செல்லமாகச் சுருக்கினால் 'துரைஸு'. பல ஆண்டுகளாக இப்பழமொழியை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அன்று வளை தொலைத்த துரைஸாக நாமே நின்றோம்.

மருமகப்பிள்ளை அடுத்த வாரம் பயணமாகிவிட்டார். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்குப் போகும் நாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிற்று. இடையில் அவற்றுள் ஒன்று பேரிக்காய் போல அடிபருத்து வருவதைத் துணைவியார்தாம் முதலில் கண்டார். "இது நிறை சூலு. இப்பப் போய்த் திருப்பிக் கொடுக்கிறேன்னு கிளம்பாதீங்க" என்றார். நாம் கிளம்பவில்லை.

ஒரு நாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து வந்தபோது தொட்டியைச் சுற்றி வீடே கூடியிருந்தது. கிழிந்த காகிதக் குவியலுக்குள், சுண்டுவிரல் நுனியளவில், செக்கச் சிவந்து, மயிரின்றி, கண்ணும் காதும் மூடிய நிலையில் ஒரு குவியல் நெளிந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்ததில் பதினொன்று. எலியின் சூல்காலம் இருபது நாள் அளவுதான் என்பதைப் பின்னர் அறிந்தோம். வாங்கி வந்தபோதே சுமந்துதான் வந்திருக்கிறது.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதை வகுக்கிறது. அவற்றுள் எலியின் இளமைக்குரியது 'குட்டி' என்னும் பெயர். கீரி, காட்டுப்பூனை, அணில் ஆகியவற்றுடன் சேர்த்து எலிக்கும் அப்பெயரைக் கொடுத்த அந்நூல், 'பறழ்' என்றாலும் தவறில்லை என்கிறது. அரபியிலோ முன்னர் சொன்ன திர்ஸு. இவ்வளவு சிறிய உயிரின் மகவுக்கும் இரு மொழியினரும் தனித்தனியே பெயர் வைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஹிஜ்ரி 808-இல் மறைந்த இமாம் தமீரீ அவர்களின் 'ஹயாத்துல் ஹயவான்' நூலையும் எடுத்துப் புரட்டினோம். எலியின் சட்டமும் பழமொழியும் கனவுப் பலனும் அங்கே கிடைத்தன. பிறந்த குட்டியைப் பேணுவது எப்படி என்பது கிடைக்கவில்லை. நமக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பதினொன்றில் இரண்டு மிகச் சிறியவை. மற்றவற்றின் இடப்பக்கத்து வயிற்றில், தோலுக்கு உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. குடித்த பால் அப்படித் தெரியுமாம். அவ்வளவு மெல்லிய தோல். இவ்விரண்டில் ஒன்றில் அப்பொட்டு கடுகளவு இருந்தது. மற்றதில் இல்லவே இல்லை. எலிக்குக் காம்பு பத்து. குட்டியோ பதினொன்று. இந்தக் கணக்கு அன்று நமக்குத் தெரியாது.

பிழையைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

மறுநாள் இரவு தஹஜ்ஜுத்துக்கு எழுந்தோம். மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. மின்சாரமும் இல்லை. ஒளுச் செய்துவிட்டுக் கைவிளக்கோடு கடந்தபோது தொட்டியில் ஒளி பட்டது. பால்பொட்டு இல்லாத அந்தச் சிறிய குட்டி, கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கண்ணாடியோரம் தனியே கிடந்தது. தாய் தீனித் தட்டில் இருந்தது. முதலில் தொழுதுவிட்டு வருவோம் என்று எண்ணி இரண்டு ரக்அத் தொழுதோம். பிறகு வந்து கையில் எடுத்தால் குட்டி குளிர்ந்து கிடந்தது, ஆனால் அசைந்தது. நெஞ்சு உருகிவிட்டது. பசியால் வாடுகிறது என்று முடிவு செய்துகொண்டோம். அடுக்களையில் இருந்த பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, மருந்து ஊற்றும் சொட்டுக்குழாயால் ஒரு துளியை அதன் வாயில் வைத்தோம். குடித்தது போலிருந்தது. இன்னொரு துளி வைத்தோம். மூக்கு வழியே நுரைத்து வெளியே வந்தது. துடைத்தோம். சிறிது நேரம் வாயைத் திறந்து திறந்து மூடியது. சுப்ஹு பாங்கு சொல்வதற்குள் அடங்கிவிட்டது.

கொல்லையில் முருங்கைமரத்தடியில் குழி பறித்துப் புதைத்தோம். பேத்தி எழுமுன் அதைச் செய்து முடித்ததில் நமக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தாய் எலி தின்றிருக்கும் என்று எவரும் நினைத்துக்கொள்ளலாம். எலிகள் இறந்த குட்டியைத் தின்பது உண்டு என்று துணைவியாரே முன்தினம் சொல்லியிருந்தார். நாம் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பத்துத்தான் இருக்கிறது என்று அவள் எண்ணிச் சொன்னபோது, நாம் குர்ஆனை மூடி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னோம். பிள்ளைகளுக்கு உண்மை பேசும்படி இத்தனை ஆண்டுகள் ஓதிக் கொடுத்தவருக்கு, அந்த நான்கு வாக்கியங்களைச் சொல்வது அவ்வளவு கடினமாயிருந்தது. அவள் நம்மைக் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க தொழுதுகிட்டு இருந்தப்போ அது அழுதுச்சா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். சப்தமே இல்லை என்றோம். அது உண்மை என்றே நம்பியிருந்தோம்.

திருநெல்வேலியில் கால்நடை மருத்துவம் பயிலும் இளைஞர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மழை விடுமுறையில் ஊர் வந்திருந்தவரை அன்று முற்பகல் அழைத்துவந்தோம். தொட்டியைப் பார்த்தவுடன் அவர் செய்த முதல் காரியம், பேத்தி ஆசையாக வைத்திருந்த பஞ்சையெல்லாம் அகற்றியதுதான். பஞ்சின் இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடுமாம். அதற்குப் பதிலாக மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். (காகிதம் கிழிக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். அரபு எழுத்தோ திருநாமமோ உள்ள தாள் எதுவும் எலிக்கூட்டுக்குள் போய்விடலாகாதே என்னும் கவலை நம்முடையது.) பிறகு நம் பிழையைக் கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஹஜ்ரத், குளிர்ந்து கிடக்கிற குட்டிக்குப் பால் ஆகாது. வயிறு அதை வாங்காது. முதல்ல சூடு, பிறகுதான் பால். அதுவும் நம்ம கையால வேண்டாம். ரெண்டு நாள் குட்டியோட தொண்டை நூலளவு. கொஞ்சம் பிசகினாலும் பால் நுரையீரலுக்குப் போயிடும். உள்ளங்கையில பொத்தி வச்சுச் சூடாக்கித் தாய்கிட்டே திருப்பி விட்டிருந்தா ஒருவேளை பிழைச்சிருக்கும். ஒருவேளைதான். ரொம்பச் சின்னது வேற."

பேத்தியின் கேள்வியை நினைத்துக்கொண்டு, குட்டி ஏன் கத்தவில்லை என்று கேட்டோம். கத்தும் என்றார். கூட்டைவிட்டு விலகிக் குளிர் தாக்கிய குட்டிகள் ஓயாமல் ஓலமிடும். ஆனால் அவ்வொலி மனிதச் செவிக்கு எட்டாத உயர் அலைவில் இருப்பது. தாய்க்கு மட்டும் கேட்கும். கேட்டால் வந்து கவ்விச் செல்லும் என்று விளக்கினார். எனவே நாம் நிசப்தத்தில் தொழுததாக எண்ணிய அந்த இரண்டு ரக்அத்திலும் நமக்கு நான்கு முழத் தொலைவில் ஓர் அழுகை இருந்திருக்கலாம். இதைப் பேத்தியிடம் சொல்ல நமக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

எஞ்சிய இரண்டாவது சிறிய குட்டியைக் காப்பதற்கு அவர் சொன்ன வழிகள், கேட்டபோது மிக எளியவையாகத் தோன்றின. செய்தபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே ஒரு பாதியில் மட்டும் ஒட்டி வைக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் தாய் மறுபாதிக்கு விலகிக்கொள்ள இடம் வேண்டும். தாய்க்கு வேக வைத்த முட்டை, ஊற வைத்த ஓட்ஸ், தீராத தண்ணீர். அது உண்ணாமல் பால் சுரக்காது. தொடுமுன் கூட்டுக் காகிதத்தை உள்ளங்கையில் தேய்த்து அதன் மணத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரிய குட்டிகளில் ஆறை நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் வேறாக எடுத்து, வெதுவெதுப்பான கிண்ணத்தில் கூட்டுக் காகிதத்தோடு வைக்க வேண்டும். அந்நேரத்தில் சிறியதற்குக் காம்பு கிடைக்கும். தள்ளிவிட ஆள் இராது. மற்றபடி எதுவும் செய்யாதிருக்க வேண்டும். நமக்கு மிகவும் கடினமாயிருந்தது இந்தக் கடைசிக் கட்டளைதான். ஒவ்வொரு வக்துக்கும் பள்ளிக்குச் செல்லுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கக் கை துடிக்கும். பேத்தி நம் கையைத் தட்டிவிடுவாள்.

இத்தகைய அறிவெல்லாம் யார் சேர்த்து வைத்தது என்று அவ்விளைஞரிடம் கேட்டோம். எலி வளர்ப்போர் என்றார். இங்கிலாந்தில் 1895-இலேயே அவர்களுக்கென்று சங்கம் ஏற்பட்டதாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்னும் சிற்றூரில், ஆசிரியப் பணியை விட்டு விலகிய ஏபி லாத்ராப் என்னும் அம்மையார், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேடிக்கைக்காக எலி வாங்குவோருக்கென வளர்க்கத் தொடங்கினார். பின்னர் ஹார்வர்டு போன்ற இடங்களின் ஆராய்ச்சியாளர்களுக்கும் அவரே எலி கொடுத்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உள்ள புகழ்பெற்ற எலியினம் ஒன்று அவருடைய எலிகளின் வழி வந்தது. ஆசிரியர் ஒருவர் எலி பேணுவதில் நாம் முதலாமவர் அல்லர் என்பதைத் துணைவியாரிடம் உடனே தெரிவித்தோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிறுத்துப் பார்க்க வேண்டும், நாளுக்கு நாள் எடை ஏறினால்தான் பால் கிடைக்கிறது என்று பொருள் என்றார் இளைஞர். ஒரு கிராம் அளவுள்ள உயிரை எதில் நிறுப்பது? மளிகைக்கடைத் தராசில் அது தூசுக்குச் சமம். எங்கள் ஊர் மாணிக்க வணிகத்துக்குப் பெயர் போனது. கொழும்பிலும் ஜெய்ப்பூரிலும் கல் வாங்கி விற்போர் தெருவுக்குச் சிலர் இருப்பர். அவ்வாறான நண்பர் ஒருவரிடம் சட்டைப்பையில் அடங்கும் கேரட் தராசை இரவல் கேட்டோம். எதற்கென்று கேட்டார். சொன்னோம். வெகுநேரம் நம் முகத்தையே பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு கிராமுக்கு ஐந்து கேரட். பெரிய குட்டிகள் ஒன்பது, பத்துக் கேரட் நின்றன. சிறியது ஐந்தரை. நீலக்கல்லும் மாணிக்கமும் ஏறியிறங்கிய தட்டில் அது கிடந்து நெளிந்ததைக் கண்டு பேத்தி அதற்குப் பெயர் வைக்கச் சொன்னாள். 'துரைஸு' என்றோம்.

பெரியவை ஆறையும் கிண்ணத்துக்கு மாற்றிய முதல் நாள் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தாய் மல்லாந்தவாறு கிடக்க, துரைஸு இரண்டு முறை காம்பைத் தவறவிட்டு, மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. ஒரு மணி நேரம் விடவில்லை. முடிவில் அதன் வயிற்றில் முதன்முறையாக ஒரு முழுமையான வெள்ளைப் பொட்டு. "பாத்தீங்களா, அதுக்குக் குடிக்கத் தெரியாம இல்ல" என்றாள் பேத்தி.

அந்தச் சொல்லில் நமக்கு வேறொருவர் நினைவுக்கு வந்தார். இருபதாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓத வந்த சிறுவர் அவர். ஒன்பது வயது. வயதுக்குரிய வளர்ச்சி இல்லை. தந்தை கடல் தொழிலில் இருந்தார். பாடம் கேட்கும்போது நாம் முன்வரிசையிலிருந்து தொடங்குவோம். திருத்தமாக ஓதுவோர் அங்கே இருப்பர்; அவர்களிடம் கேட்கக் கேட்க நமக்கே ஒரு சுவை ஏறும். கடைசியில் அமர்ந்திருக்கும் இவர் முறை வரும்போது பாங்கு சொல்லிவிடுவார்கள், அல்லது நாம் களைத்திருப்போம். "நாளைக்குச் சரியாகப் பார்த்து வா" என்று அனுப்பிவிடுவோம். ஓராண்டு முடிவில் தந்தை வந்து, "பையனுக்கு ஏறலைங்க ஹஜ்ரத்" என்று அழைத்துச் சென்றார். நாமும் ஏறவில்லை என்றே நம்பினோம். முன்வரிசையை ஒரு நாளேனும் ஒரு மணி நேரம் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் கேட்டோமா என்றால், இல்லை. அவர் இப்போது கேரளத்தில் மீன் வண்டி ஓட்டுகிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. பெருநாளைக்கு ஊர் வந்தவர் பள்ளிவாசல் படியில் நின்று ஸலாம் சொன்னார். கையைப் பற்றிக்கொண்டோம். கேட்க நினைத்ததைக் கேட்க வாய் வரவில்லை. நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டோம். இவ்வாண்டு முதல் பாடத்தைக் கடைசி வரிசையிலிருந்து கேட்கிறோம். முன்வரிசைப் பிள்ளைகளின் தந்தையர் இருவர் இதுகுறித்து நிர்வாகத்தில் முறையிட்டிருக்கின்றனர்.

துரைஸின் வளர்ச்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. பேத்தியின் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது. ஏழாம் நாள் மற்றவை இருபது கேரட், இது பதினொன்று. அதற்குள் மற்றவற்றின் மேனியில் வெள்ளை மயிர் அரும்பிவிட்டது. இதன் தோல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. பதின்மூன்றாம் நாள் ஒன்பதும் கண் திறந்தன. இது திறக்கவில்லை. குருடாகிவிடுமோ என்று பேத்தி இரவெல்லாம் உறங்கவில்லை. நாமும் உறங்கவில்லை, காரணத்தை மட்டும் வேறாகச் சொல்லிக்கொண்டோம். பதினைந்தாம் நாள் மாலை ஒரு கண், மறுநாள் காலை மற்றது. மூன்று வாரத்தில் பிற குட்டிகள் பால் மறந்து தாமாகத் தின்னத் தொடங்கின. துரைஸை மட்டும் மேலும் ஒரு வாரம் தாயிடமே விட்டு வைத்தோம். குறுகிய குட்டிக்கு அந்த ஒரு வாரம் பெரிய வாழ்வு என்றார் இளைஞர். முன்பற்கள் நேராகப் பொருந்துகின்றனவா என்றும் வாரந்தோறும் பார்க்கச் சொன்னார். எலியின் பல் ஓயாமல் வளர்வது. கோணலாக இருந்தால் தேயாது, தின்ன முடியாமலே இறந்துவிடும். அல்ஹம்து லில்லாஹ், நேராகவே இருந்தன.

ஐந்தாம் வாரத்துக்குள் ஆண் குட்டிகளைப் பிரித்தாக வேண்டும். இல்லையேல் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும். வளர்ப்போர் இருவரை அவ்விளைஞரே திருநெல்வேலியில் கண்டுபிடித்துத் தந்தார். பாம்புக்கு இரையாக வாங்குவோரிடம் கொடுப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்ட பின்னரே பேத்தி சம்மதித்தாள். தாயும் அதன் துணையும் ஒன்பது குட்டிகளும் பயணமாயின. மார்க்கச் சட்டத்தை நாம் அவளுக்கு மீண்டும் எடுத்துரைத்தோம்: கையில் வந்து சேர்ந்த உயிரைப் பட்டினி போடாமல் பேணியது சரி, தம் காலில் நிற்கும் நிலை வந்தபின் வைத்துக்கொள்வதற்கு நம் மத்ஹபில் இடமில்லை. நமக்கும் மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தச் சின்னது இன்னும் தம் காலில் நிற்கவில்லையோ?" என்று கேட்டார். இன்னும் முழுமையாக இல்லை என்றோம். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதும் இன்று துரைஸுக்குப் பத்து வாரம். உடன்பிறந்தவை நூறு கேரட்டைத் தாண்டியிருக்கும். இது காலையில் எழுபத்து மூன்று நின்றது. வளர்ப்பதற்கு நாம் இன்னமும் அனுமதி கொடுக்கவில்லை. கல் வணிக நண்பர் தராசைக் கேட்டு இருமுறை ஆளனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்கிறாள் பேத்தி.